பன்னிரண்டாவது வில்லை

தூசி என்றால் எனக்கு ஆகாது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற மேசையை இன்று காலையிலிருந்து மூன்று முறை துடைத்துவிட்டேன். எங்கள் தெரு மண் தெரு. ஒரு லாரி போனால் போதும், ஜன்னல் விளிம்பில் விரலால் பெயர் எழுதலாம். என் தங்கை நடீன் இதை வைத்து என்னைக் கேலி செய்வாள். "அக்கா செத்துப்போனா நாலு நாள் துக்கம் காக்க வேணாம், நாலு நாள் வீட்டப் பெருக்கினா போதும், அவ ஆத்மா சாந்தியாயிடும்" என்பாள். கேலியோ என்னவோ, விஷயம் சரிதான்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. பின்னறையில் கேட்கிற சத்தம் சாணைச் சக்கரம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஆல்புகர்க்கியிலிருந்து இவ்வளவு தூரம் காரோட்டி வந்திருக்கிறீர்கள். வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்புவது எங்கள் ஸூனி சனத்து வீடுகளில் பழக்கமில்லை. ஜனவரியில் இறந்துபோன என் தங்கை கணவன் ஆர்டனைப் பற்றி விசாரிக்க வந்ததாகச் சொன்னீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன். குறித்துக்கொள்ள வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் டொரிண்டா லாசிலு, வயது ஐம்பத்தொன்று. இந்த வீடு எங்கள் அம்மாவுக்குப் பிறகு மூத்தவளான எனக்கு வந்தது. எங்களில் வீடு பெண்களுக்குத்தான். கல்யாணம் ஆனால் ஆண்பிள்ளைதான் துணிமூட்டையோடு பெண் வீட்டுக்கு வருவான். எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடு மாப்பிள்ளைதான், அதில் ஒருவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஒத்துவரவில்லை என்றால் பெண் அவன் சாமான்களை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிடுவாள். அவனும் புரிந்துகொண்டு எடுத்துக்கொண்டு போய்விடுவான். என் கணவரின் சாமான்களை நான் இருபது வருஷத்துக்கு முன்பே வெளியே வைத்துவிட்டேன். அவர் பூட்ஸைத் தட்டாமல் உள்ளே வருவார்.

ஆர்டன் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தான். கையில் இரண்டு பை. ஒன்றில் துணி, ஒன்றில் கல். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி, ஒன்றோடொன்று தட்டி, ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். எனக்கு அன்றே பிடித்துவிட்டது. நான் அவனை வெறுத்தேன் என்று அவனுடைய அக்கா லியோலா உங்களிடம் சொல்லியிருப்பாள். அது தவறு. நல்ல துண்டு இறைச்சியை எப்போதும் அவன் தட்டில்தான் போடுவேன்.

எங்கள் தொழில் நகை. வெள்ளிக்குள் கல் பதிப்பது. டர்க்காய்ஸ் என்கிற நீலக் கல், பவளம், சிப்பி, கரி மாதிரி இருக்கிற ஜெட் கல், இவற்றை அரிசியிலும் சின்னதாக வெட்டிப் பக்கம் பக்கமாகப் பொருத்த வேண்டும். வெட்டுவது ஆர்டன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பசை போட்டு ஒட்டி மெருகு போடுவது நடீன். வெள்ளித் தகடும் விளிம்பும் செய்வது, வருகிறவர்களிடம் பேசுவது, விற்பது எல்லாம் நான். அவன் பொருத்திய இரண்டு கல்லுக்கு நடுவில் நகத்தை ஓட்டினால் எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்று நகத்துக்குத் தெரியாது. என் கைக்கு அது வராது. நாற்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், வரவில்லை. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைப்படுகிறவள் அவன் கை நிற்க வேண்டும் என்று நினைப்பாள். நான் நினைத்தது அதற்கு நேர்மாறு.

கல்லை அவன் நனைக்காமல்தான் வெட்டுவான். நனைந்தால் வெட்டக் குறித்த கோடு மறைந்துவிடும் என்பான். அது அவன் வழி, என் மேல் குற்றம் இல்லை. ஆனால் நனைக்காமல் வெட்டினால் தூசி எழும்பும், மாவரைக்கிற இடம் மாதிரி. அவன் ஜன்னலில் ஒரு மின்விசிறி மாட்டி அதை வெளியே தள்ளினான். வெளியே எங்கள் ரொட்டி சுடுகிற மண் அடுப்பு. ஒரு சனிக்கிழமை எடுத்த ரொட்டியெல்லாம் அடியில் நீலம். நான் சண்டை போடவில்லை. விசிறியைக் கழற்றித் துடைத்து, பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். ஜன்னலில் பலகை அடித்தேன். கதவுக்கு அடியில் கம்பளித் துணி வைத்துத் தைத்தேன். அந்தக் கதவை மூடிவிட்டால் இந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தூசி வராது. வேண்டுமானால் உங்கள் நாற்காலிக்கு அடியில் விரலை வைத்துப் பாருங்கள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. நல்லதொன்று கைக்கு வந்தால் அதை வாயருகே கொண்டுபோய், ஒரு மூச்சை மெதுவாக உள்ளே இழுப்போம். அதிலிருக்கிற நன்மையை வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆர்டன் ஒவ்வொரு நகையையும் முடித்து, கழுவித் துடைத்து, என்னிடம் தருவதற்கு முன் இப்படிச் செய்வான். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. பல நாள் அவன் முதுகைத்தான் நாங்கள் பார்த்திருப்போம்.

ஒரு தடவை கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அர்த்தம் என்னவென்று அவனையே கேட்டாள். அவன், "கல்லு. வெட்டினேன். கழுவினேன்" என்றான். இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் நான் அட்டை எழுதினேன். ஒவ்வொரு நகையோடும் வைத்துக் கொடுக்கிற சின்ன அட்டை. உங்களிடம் ஒன்று இருக்கும். "எங்கள் கைவினைஞர் கல்லின் முன் முகத்தை மூடுவதில்லை. கல்லின் மூச்சைத் தன்னுள் வாங்கி, தன் மூச்சை அதற்குத் தருகிறார்." நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்நூறு அச்சடித்தேன்.

லியோலாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இதே சமையலறையில் வந்து நின்றாள்.

"யாரு சொன்னா உனக்கு இத? நம்ம சனத்துல எவ இப்படிச் சொல்லியிருக்கா?"

"வாங்கறவங்களுக்கு வெளங்கற மாதிரி எழுதியிருக்கேன். உக்காரு, கொழம்பு சூடா இருக்கு."

"கழுவித் தொடச்சத வாய்கிட்ட கொண்டுபோறது வேற, டொரிண்டா. மாவு மாதிரிப் பறக்கறத மூக்குல இழுக்கறது வேற. இது ரெண்டும் ஒண்ணுன்னு எழுதி வச்சிருக்க. வாங்கறவங்களுக்கு வெளங்கும், சரி. என் தம்பி நெஞ்சுக்கு வெளங்குமா?"

அவள் கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஆனாலும் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

ஒட்டியாணத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. அது ஆர்டன் மனதில் வந்தது. பன்னிரண்டு வெள்ளி வில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தும்பி, அதன் கீழே தண்ணீர். தும்பி எங்களுக்குத் தண்ணீரோடு சேர்ந்தது. ஆறு தும்பி நீரோட்டத்துக்கு இந்தக் கரை, ஆறு தும்பி அந்தக் கரை. இடுப்பில் கட்டினால் தண்ணீர் உடம்பைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் என்றான். முதல் வில்லையை முடித்து என் கையில் வைத்தபோது நான் அழுதேன். என் கணவர் போனபோது அழாதவள். அந்த இறக்கையில் சிப்பியை எழுபத்திரண்டு துண்டாக வைத்திருந்தான். அன்று எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த ஒட்டியாணம் முடிந்தாக வேண்டும். என் வீட்டில் முடிந்தாக வேண்டும். இதில் தவறு இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

போன வருஷம் ஏப்ரலில் கிளினிக்கிலிருந்து எக்ஸ்ரே வண்டி வந்தது. கல் வெட்டுகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ஆளுக்கொரு முகமூடியும் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் தூசியை வடிகட்டுகிற டப்பா வைத்தது. ஆர்டன் அதை அன்றிலிருந்தே மாட்டிக்கொண்டு வேலை செய்தான். மூன்று வில்லை முடிந்திருந்தது. அடுத்த வாரமே டென்வரிலிருந்து வந்த கணவன் மனைவி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னறை வாசலில் நின்று அவனைப் பார்த்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். மறுபடி அவனைப் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பொய் எழுதி விற்கிற வீடு இல்லை இது. ஒன்று அட்டையை மாற்ற வேண்டும், இல்லை அவனை மாற்ற வேண்டும். அட்டை ஐந்நூறு அச்சடித்தாகிவிட்டது.

டர்க்காய்ஸுக்கும் சிப்பிக்கும் சூடு ஆகாது. அதனால்தான் வெள்ளி வேலையெல்லாம் முதலில் முடித்துவிட்டுக் கல்லைக் கடைசியில் பதிக்கிறோம். பதித்த பிறகு நெருப்பு அந்தப் பக்கமே போகக் கூடாது. நான்காவது வில்லை, விளிம்பைத் தேய்த்து முடிப்பதற்காக என் மேசைக்கு வந்தது. ஆர்டன் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தான். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து வில்லையின் பின்பக்கம் காட்டினேன். இரண்டு விநாடி. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். இறக்கைக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான். கொஞ்சம் சோள மாவை எடுத்துக்கொண்டு, அதைத் தூவி வேண்டிக்கொள்ள வெளியே போய்விட்டு வந்தான். என்ன வேண்டிக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது, அது அவனுக்கும் கல்லுக்கும் நடுவில். பிறகு பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு எட்டு நாள் உட்கார்ந்து இறக்கையைத் திரும்ப வெட்டினான். முகமூடியோடுதான் வெட்டினான்.

ஐந்தாவது வில்லையிலும் அப்படியே ஆயிற்று.

"அக்கா, டார்ச் எங்கயாவது பக்கத்துல எரிஞ்சுதா?" என்று கேட்டான். சந்தேகமாக இல்லை, சும்மா கேட்டான்.

"பதிச்ச கல்லு பக்கத்துல எவளாவது டார்ச்சக் கொண்டுபோவாளா மாப்ள? நான் என்ன நேத்து பொறந்தவளா?"

நடீன்தான் மெருகுத் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அத மூஞ்சில மாட்டினதுலேந்துதான் இப்படி ஆகுது. பத்தொன்பது வருஷத்துல ஒரு கல்லு வெடிச்சிருக்கா?"

சொன்னது நடீன், நான் இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டன் முகமூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து போய் ஆணியில் மாட்டினான். அதை அவன் திரும்ப எடுக்கவில்லை. எடுக்காதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒரு கல்லும் வெடிக்கவில்லை. அதைப் பார்த்து அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கல் நம்மை ஏற்றுக்கொண்டது என்று நடீனிடம் சொன்னானாம். உண்மையைச் சொன்னால், சில நாள் எனக்கே அப்படித்தான் தோன்றியது. எட்டாவது வில்லை வந்தபோது, டார்ச் காட்டியது நான்தான் என்பதைச் சிரமப்பட்டு நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

கிளினிக் கடிதங்களைப் பற்றித்தானே நீங்கள் முக்கியமாகக் கேட்டீர்கள். ஆமாம், வந்தன. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து தபால் கொடுப்பதில்லை. தபால் ஆபீஸில் வீட்டுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு சாவி. சாவி என் கழுத்தில் இருக்கிறது. முதல் கடிதம் மே மாசக் கடைசியில் வந்தது. இரண்டு நுரையீரலிலும் கல்தூசி இறங்கிக் கெட்டியாகியிருக்கிறது, உடனே வர வேண்டும், கல் வெட்டுவதை இன்றே நிறுத்த வேண்டும் என்று இருந்தது. 'இன்றே' என்ற வார்த்தைக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். நான் அதை இரண்டு முறை படித்தேன். ஆறாவது வில்லை ஓடிக்கொண்டிருந்தது. படித்தால் அவன் நிறுத்திவிடுவான். அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதன், அதுதான் அவனிடம் சிக்கல். ஒட்டியாணம் முடிந்ததும் நானே கையில் கொடுத்துவிடலாம் என்று பிஸ்கட் டப்பாவில் வைத்தேன்.

மேயிலேயே நிறுத்தியிருந்தால் சில வருஷம் இருந்திருப்பான் என்று கேலப் நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். என்னிடமும் சொன்னார். படித்த மனிதர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கல் வெட்டாமல் ஆர்டன் அந்த வருஷங்களை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பான் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.

கோடையில் ஒரு சின்னத் தடங்கல் வந்தது. லியோலா கேலப்பில் அவனுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை பார்த்து வைத்தாள். நடீனுக்கும் போக ஆசை. ஆர்டன் சாப்பாட்டுக்கு நடுவில் பேச்சை எடுத்தான்.

"காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான் அக்கா. நடுவுல தூங்கலாம். எனக்கு இப்பல்லாம் மாடிப்படி ஏறினா இரைக்குது."

"போங்க. யாரு வேணாம்னா? அங்க மாடிப்படி கூட இருக்காது" என்றேன். ரொட்டியை அவன் பக்கம் நகர்த்தினேன். "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. தண்ணி சுத்திவந்து பொறப்பட்ட எடத்துல சேரணும்னு நீதான சொன்ன? ஏழாவதுல நிறுத்தினா அது எங்க போய்ச் சேரும்?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். நடீன் என்னை முறைத்தாள். "அக்கா, அவர விடேன்" என்றாள். அவன்தான், "முடிச்சிட்டே போலாம் நடீன்" என்றான். நான் யாரையும் கட்டிப்போடவில்லை. அந்த வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. டப்பாவில் இடம் இருந்தது.

அக்டோபரில் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் நேரிலேயே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். ஆட்டுக்கறியும் சோளமும் போட்ட குழம்பு வைத்திருந்தேன், ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஆர்டன் இருக்கிறாரா என்று கேட்டாள். ஆட்டுப் பட்டிக்குப் போயிருக்கிறான், திரும்ப ஒரு வாரம் ஆகும் என்றேன்.

"உள்ள சக்கரம் ஓடற சத்தம் கேக்குதே?"

"தங்கச்சி மெருகு போடறா. கொழம்புல உப்பு போதுமாம்மா?"

போதும் என்றாள். நல்ல பெண், ரொட்டியைப் புகழ்ந்தாள். அவர் வந்ததும் உடனே அனுப்புங்கள், தாமதிக்காதீர்கள் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஆர்டன் பத்தடி தூரத்தில் இருந்தான். ஒன்பதாவது வில்லை. அவள் போன பிறகு அவனுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது கடிதம் அதற்கடுத்த வாரம்.

நவம்பரில் அவனால் விறகு தூக்க முடியவில்லை, நான் தூக்கினேன். டிசம்பரில் படுத்துத் தூங்க முடியவில்லை, நாற்காலியில் தலையணை வைத்துக் கொடுத்தேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கக் காத்திருப்பான். உதடு கல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. கை மட்டும் நடுங்கவே இல்லை. பத்தாவது வில்லையை நீங்கள் பார்க்க வேண்டும், எல்லாவற்றிலும் அதுதான் அழகு. நடீன் தினமும் அழுதாள், டாக்டரிடம் போகலாம் என்றாள். ஏப்ரலில்தானே படம் எடுத்தார்கள், ஏதாவது இருந்தால் எழுதியிருக்க மாட்டார்களா என்று நான் கேட்டேன். அதில் நியாயம் இருக்கிறதென்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி பதினொன்றாவது வில்லையை முடித்தான். வாயருகே கொண்டுபோய் மூச்சை உள்ளே இழுத்தான். பாதிதான் போயிற்று. அங்கேயே சாய்ந்துவிட்டான். நாங்களே கேலப் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பனியில் நான்தான் வண்டி ஓட்டினேன்.

பன்னிரண்டு நாள் இருந்தான். ஐந்தாம் நாள் டாக்டர் அவன் கட்டிலருகே நின்றுகொண்டு, மூன்று கடிதம் அனுப்பினார்களே, ஏன் வரவில்லை என்று கேட்டார். நடீன் அப்போது கீழே சாப்பிடப் போயிருந்தாள். ஆர்டன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். டாக்டர் போனதும் கேட்டான்.

"அக்கா, பெட்டிச் சாவி உன்கிட்டதான இருக்கு?"

"ஆமா மாப்ள."

"சரி" என்றான். கோபம் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது, அவன் கோபப்படவில்லை. மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "நடீன் தாங்க மாட்டா. இத அவகிட்ட சொல்லாத. பன்னெண்டாவத மட்டும் அவ தொடக் கூடாது. சக்கரத்துகிட்டயே போகக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு. சொல்வியா?"

சொல்கிறேன் என்றேன். பிறகு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த வாரம் போய்விட்டான். நான் நிஜமாகவே அழுதேன். லியோலா நம்பவில்லை என்றால் அது அவள் குணம்.

இறந்தவர் கையாண்ட பொருளை அவரோடு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். லியோலா வந்து அவன் கருவிகளைக் கேட்டாள். இடுக்கி, அரம், கத்தி எல்லாவற்றையும் துணியில் கட்டிக் கொடுத்தேன். சக்கரத்தையும் கேட்டாள். தரையோடு போல்ட் போட்டிருக்கிறது, பெயர்த்தால் தளம் உடையும் என்றேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"தளம் ஒடையும்னு கவலப்படறியே டொரிண்டா" என்றாள். உங்களை இங்கே வரவழைத்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும். கிளினிக்கில் போய் விசாரித்திருக்கிறாள்.

நாலு நாள் துக்கம் முடிந்ததும் நடீன், அவர் கடைசியில் எனக்கு ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். கேட்கிறவளிடம் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. பன்னிரண்டாவது வில்லையை நீதான் முடிக்க வேண்டும் என்று சொன்னான் என்றேன். வார்த்தை கொஞ்சம் மாறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகத்தில் எத்தனை நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது தெரியுமா? பிப்ரவரியில் சக்கரத்தில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷம் அவன் பக்கத்திலேயே இருந்தவள், அவன் எழுப்பிய தூசியெல்லாம் அவள் மேலும்தானே படிந்தது, கை தானாகப் பழகிவிட்டது. ஆணியில் தொங்குகிற முகமூடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவளே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கல் வெடித்ததை அவள் மறக்கவில்லை.

ஆமாம் ஐயா, உள்ளே இருப்பது நடீன்தான். வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்? இருங்கள், எழுந்திருக்க வேண்டாம். கதவைத் திறந்தால் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும், மேசையைத் துடைத்திருக்கிறேன்.

முதலில் கடிதங்களைப் பாருங்கள். பிஸ்கட் டப்பா உங்கள் தலைக்கு மேல் அலமாரியில் இருக்கிறது. ஒன்றையும் நான் கிழிக்கவில்லை, கசக்கவில்லை. மூன்று என்று கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். எண்ணினால் நான்கு இருக்கும். லியோலா வற்புறுத்தியதால் நடீனும் மார்ச் மாசம் போய்ப் படம் எடுத்துக்கொண்டாள். நான்காவது போன செவ்வாய்க்கிழமை வந்தது. அதிலும் 'இன்றே' என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார்கள்.

இன்னும் அரை இறக்கைதான் பாக்கி. முடித்ததும் நானே அவள் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.